சுவரில் ஒரு ஏந்திரம்

நாச்சாரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஒரு பெரிய புகைப்படம் தொங்குகிறது. என் மகள் வாங்கி வந்து மாட்டியது. தேக்குச் சட்டம், உள்ளே பழுப்பேறிய ஒரு பழைய படத்தின் பிரதி. இரண்டு பெண்கள் ஏந்திரத்தின் இருபுறமும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவர் கைகளும் ஒரே கைப்பிடியைப் பற்றியிருக்கின்றன. பக்கத்தில் முறம் நிறையத் தானியம். கீழே ஆங்கிலத்தில், தானியம் அரைக்கும் பெண்கள் என்று பொருள்படும் ஒரே வரி. எடுத்தவர் பெயர், ஊர், ஆண்டு எதுவும் இல்லை.

"பாருப்பா, பார்த்தாலே மனசு அமைதியாறது" என்றாள் மகள், மாட்டிய அன்று.

அந்த 'அமைதி' என்ற சொல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் உடனே புரியவில்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். காகிதத்தில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டது என்ன என்றுதான் கண் தேடும். தினமும் இரண்டு வேளை அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதில் ஒரு நாள் விஷயம் பிடிபட்டது. படத்தில் கல் சுற்றவில்லை.

பௌதிகம் படித்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏந்திரம் ஒரு சுற்று சுற்ற இரண்டு விநாடி என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து கைப்பிடி 15 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், அது விநாடிக்கு ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் நகர வேண்டும். 1851-இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கண்ணாடித் தகடு முறைதான் அதற்குப் பின் சுமார் முப்பது வருஷம் உலகெங்கும் புழங்கியது. அதில் ஒரு படம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். அவ்வளவு நேரத்தில் அந்தக் கைகளும் கைப்பிடியும் வெறும் புகையாகத்தான் பதிந்திருக்க முடியும். இங்கேயோ விரல் மோதிரம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. பின்னால் வந்த உலர் தகட்டில் எடுத்ததாகவே இருக்கட்டும், கல்லைச் சுற்றி ஒரு சிட்டிகை மாவாவது சிந்தியிருக்க வேண்டாமா? தரை துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. ஒருத்தி நேராகக் காமிராவைப் பார்க்கிறாள். ஆக, அரைக்கும் படம் என்று நாம் மாட்டியிருப்பது, அரைக்காமல் உட்கார்ந்திருக்கும் படம். அமைதியாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

வீட்டுக்கு வரும் நண்பர்கள் இதைப் பார்த்ததும், "தீன் தயாள் எடுத்ததோ?" என்று கேட்பார்கள். ஹைதராபாத்தில் பழைய படம் என்றாலே வாயில் வரும் பெயர் அது. 1844-இல் சர்தானாவில் பிறந்து, ரூர்க்கியில் படித்து, இந்தூரில் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தவர் லாலா தீன் தயாள். படம் எடுப்பதற்காக சர்க்கார் உத்தியோகத்தை விட்டவர். (எங்கள் வர்க்கத்தில் இப்படியும் ஒருவர்!) 1880-களின் நடுவில் ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானின் ஆஸ்தான புகைப்படக்காரராகி செகந்தராபாதில் ஸ்டூடியோ நடத்தினார். 1892-இல் பர்தா அணியும் பெண்களுக்கென்றே தனியாக ஒரு ஸ்டூடியோ திறந்து, அதை ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். அங்கே வந்த சீமாட்டிகள் தங்களுக்குப் பிடித்தபடி உட்கார்ந்து தங்கள் பெயரில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஏந்திரத்துப் பெண்களை வேறு யாரோ உட்காரவைத்து எடுத்தார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதே மாதிரிப் படங்கள் அந்தக் காலத்தில் நிறைய எடுக்கப்பட்டன. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அஞ்சலட்டைகளாகவும் அச்சாகிக் கப்பலேறின. வெள்ளைக்காரர்களுக்கு இதில் அப்படி என்ன மோகம் என்று பார்த்தால் சுவாரஸ்யமான விடை கிடைக்கிறது. அவர்கள் வேதாகமத்தில், மத்தேயு சுவிசேஷத்தின் 24-ஆம் அதிகாரத்தில், இரண்டு பெண்கள் சேர்ந்து ஏந்திரம் அரைப்பதாக ஒரு காட்சி வருகிறது. ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள். அவர்கள் நாட்டில் காற்றாலையும் நீராலையும் வந்து கைக்கல் மறைந்து பல தலைமுறை ஆகியிருந்தது. பாலஸ்தீனத்துக்கோ இந்தியாவுக்கோ வந்தவர்கள், சிறு வயதில் தேவாலயத்தில் கேட்ட வசனத்தை நேரில் கண்டார்கள். படத்தில் இரண்டு பெண்கள் இருப்பது அதனாலும்தான். நம் பக்கத்தில் ஒருத்தியாக அரைப்பதும் சகஜமே. எதிர்ப்புறம் ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம்.

இங்கிலாந்தில் அந்தக் கல் மறைந்த கதையும் சுமுகமானதல்ல. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் குடிகள் மடத்து ஆலையில்தான் கூலி கொடுத்து அரைக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் அரைத்தவர்களின் கற்களைப் பதினான்காம் நூற்றாண்டில் ஒரு மடாதிபதி பறிமுதல் செய்து, தன் மடத்தின் தரையில் தளம் பாவிவிட்டார். 1381-இல் குடியானவர் கலகம் வெடித்தபோது ஜனங்கள் உள்ளே புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்துத் துண்டு துண்டாக எடுத்துப் போனார்கள். நம் நாட்டில் ஏந்திரத்தைப் பிடுங்க எந்த அரசனும் வரவில்லை. அதைச் சுற்றுகிறவளைப் பற்றி எந்த அரசனும் கவலைப்படவும் இல்லை.

ஏந்திரத்துக்கு முந்தியது சாய்கல். குதிரைச் சேணம் போல் குழிந்த கல்லில் தானியத்தைப் போட்டு, மண்டியிட்டு, இன்னொரு கல்லால் முன்னும் பின்னும் தேய்ப்பது. நம் அம்மியின் பாட்டி என்று சொல்லலாம். மொஹஞ்சதாரோவில் கிடைத்தவை இவைதான். வடக்கு சிரியாவில் அபு ஹுரைரா என்ற புதிய கற்கால ஊரைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகளை தேயா மோல்சன் என்ற ஆய்வாளர் பரிசோதித்து 1994-இல் எழுதினார். பெண்களின் கால் கட்டைவிரல் மூட்டு, முழங்கால், இடுப்புக்கு மேல் உள்ள முதுகெலும்பு ஆகியவற்றில் ஒரே மாதிரியான தேய்மானம். தினமும் மணிக்கணக்கில் மண்டியிட்டு அரைத்ததன் முத்திரை அது என்று அவர் முடிவு கட்டினார். எழுத்து தோன்றுவதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்கள் முன்பே அந்தப் பெண்களின் நாளேடு எலும்பில் எழுதப்பட்டுவிட்டது.

ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை வைத்துச் சுற்றும் யோசனை பின்னால் வந்தது. நம் துணைக்கண்டத்தில் தட்சசீலத்தில் சுமார் 2000 வருஷத்துக்கு முற்பட்ட சுழல்கற்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. கீழ்க்கல்லின் நடுவே ஒரு முளை, மேல்கல்லின் நடுவே ஒரு குழி, ஓரத்தில் கைப்பிடி. மண்டியிட வேண்டாம், முன்னும் பின்னும் சாய வேண்டாம். போட்ட தானியம் சுற்றச் சுற்றத் தானே விளிம்புக்கு வந்து மாவாக உதிரும். மனிதன் தொடர்ந்து ஒரே திசையில் சுழற்றிய முதல் சில கருவிகளில் இதுவும் ஒன்று. யந்திரம் என்ற வடசொல்தான் எந்திரமாகி, நம் வீடுகளில் ஏந்திரமானது. கொல்லைத் தாழ்வாரத்தில் கிடந்த அந்தக் கல்தான் ஒரு காலத்தில் வீட்டின் ஒரே இயந்திரம்.

ஹைதராபாத்தின் கல் சுமார் 250 கோடி வருஷப் பழைய கருங்கல். நாச்சாரத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மிச்சமிருக்கும் பாறைகளைப் பார்க்கலாம். அரைப்பதற்குக் கருங்கல் ஏன் ஏற்றது என்பதற்குக் காரணம் உண்டு. அதில் கடினமும் மென்மையுமான கனிமங்கள் கலந்து கிடப்பதால் எல்லாம் ஒரே சீராகத் தேயாது. மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும். ஆனாலும் நாளடைவில் வழுவழுத்துப் போகும். அப்போதுதான் உளியும் கையுமாகத் தெருவில் கல் கொத்துகிறவர் வருவார். கொத்திய பிறகு முதல் இரண்டு ஈடு அரைத்ததைக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பல்லில் மணல் நெரியும்.

தக்காணத்தில் இந்தக் கல்லுக்குப் பாட்டு மரபு ஒன்று உண்டு என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். பீஜாப்பூர், குல்பர்கா பக்கத்து சூஃபிகள் தக்கினி மொழியில் சக்கிநாமா என்று பாடல்கள் இயற்றினார்கள். பெண்கள் அரைத்துக்கொண்டே பாடுவதற்கானவை. கல்லின் ஒவ்வொரு பாகமும் ஒரு தத்துவத்துக்கு உவமை. பெரிய கிரந்தங்கள் எட்டாத வீடுகளுக்குள் மதம் நுழைந்தது இப்படிப்பட்ட பாட்டுகளின் வழியாகத்தான் என்று ரிச்சர்ட் ஈட்டன் பீஜாப்பூர் சூஃபிகள் பற்றி 1978-இல் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கியிருக்கிறார்.

மராட்டியப் பக்கம் வந்தால் ஜனாபாய். நாமசங்கீர்த்தனம் கேட்டு வளர்ந்த நம் உறுப்பினர்களுக்கு அவள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. நாமதேவர் வீட்டுப் பணிப்பெண்ணான அவளுக்குப் பாண்டுரங்கனே வந்து ஏந்திரம் சுற்றினான். பண்டரிபுரத்தை அடுத்த கோபால்புரத்தில் ஜனாபாயின் கல் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். சிறு வயதில் பாகவதர் இதைச் சொல்லும்போது கூட்டம் முழுதும் கண் கலங்கும். இப்போது கேட்டால் எனக்கு வேறு ஒன்றும் தோன்றுகிறது. அந்த வீட்டில் அத்தனை பேர் இருக்க, ஒரு கை கொடுக்கப் பகவான்தான் வைகுண்டத்திலிருந்து வர வேண்டியிருந்திருக்கிறது.

அதே மராட்டிய மண்ணில் புனேயைச் சேர்ந்த ஹேமா ராய்ர்கரும் கி புவாத்வானும் 1980-களிலிருந்து கிராமம் கிராமமாகப் போய் ஏந்திரப் பாடல்களைத் திரட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. 2017 முதல் 'பாரி' என்ற கிராமிய ஆவணக் காப்பகம் அவற்றை வெளியிடத் தொடங்கியது. சீதையைப் பற்றி, பிறந்த வீட்டைப் பற்றி, மாமியாரைப் பற்றி, அம்பேத்கரைப் பற்றிக்கூடப் பாடியிருக்கிறார்கள். விடியற்காலையில் கல் போடும் சத்தத்தில் மற்றவர் காதில் விழாது என்ற தைரியத்தில் சொன்னவை போலும் பல.

எங்கள் அடுக்ககத்தில் போன வருஷம் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் கல்யாணம். எங்கிருந்தோ ஒரு திரகலி வந்து இறங்கியது. மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, ஐந்து சுமங்கலிகள் ஆளுக்கு மூன்று சுற்று சுற்றினார்கள். என் மனைவியையும் அழைத்தார்கள். சந்தோஷமாகப் போய் வந்தாள். நம் கல்யாணங்களில் அம்மி மிதிப்பதுபோல, வேலையை விட்டு ஓய்ந்த கல்லுக்கு அங்கே சடங்கில் ஓர் இடம் இருக்கிறது. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு நினைவு வந்தது, அந்த ஐவரில் ஒருத்தியாக ஒரு நாளும் அழைக்கப்பட்டிராத என் அத்தை.

அப்பாவுக்கு மூத்தவள். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் அகத்திலேயே இருந்தவள். சாரதா சட்டம் 1929-இல் வருவதற்கு வெகு முன்பே அவளுக்குக் கல்யாணமும் ஆகி, எல்லாமும் முடிந்துவிட்டது. எனக்கு நினைவு தெரிந்தபோது அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். நார்மடி, முக்காடு, ஒரு வேளைச் சாப்பாடு. ஏந்திரம் அவளுடையது. உளுந்து உடைப்பது, பயறு உடைப்பது, கோகுலாஷ்டமிக்கு மாவு, அரிசி உப்புமாவுக்கு மிளகும் துவரம்பருப்பும் சேர்த்து நொய் உடைப்பது எல்லாம் அவள் கை. அந்த உப்புமா ருசியை எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், விட்டுவிடுகிறேன். 1960-வாக்கில் அடுத்த ஊரில் மாவு மிஷின் வந்தது. மற்ற வீடுகளில் தூக்கு வாளியில் அரிசி கொடுத்தனுப்பினார்கள். எங்கள் அகத்தில் சிராத்தத்துக்கும் பண்டிகைக்கும் மிஷின் மாவு ஆகாது, மடியாக அரைத்ததுதான் வேண்டும். மடியைக் காப்பாற்றியது நாங்கள், அரைத்தது அத்தை.

நம் தர்மசாஸ்திரம் இந்தக் கல்லைக் கவனிக்காமல் விடவில்லை. இல்லறத்தான் அறியாமல் உயிர்க்கொலை செய்யும் ஐந்து இடங்களாக அடுப்பு, அரைக்கும் கல், துடைப்பம், உரல் உலக்கை, தண்ணீர்க் குடம் ஆகியவற்றை மனுஸ்மிருதி மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது. அதற்குப் பரிகாரம் பஞ்ச மஹாயக்ஞம். ஐந்தும் ஸ்திரீகளின் கையில் இருப்பவை என்பதையும், பரிகாரம் கிருஹஸ்தன் பெயரில் நடப்பதையும் கவனிக்க வேண்டும். கல்லில் மாட்டிய எறும்புக்குக் கணக்கு இருக்கிறது. கல்லைச் சுற்றியவளின் தோளுக்கு இல்லை. சாஸ்திரத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. படித்தபோது பட்டதைச் சொல்கிறேன்.

இது எவ்வளவு கடினமான வேலை என்பது வெள்ளைக்கார சர்க்காருக்கு நன்றாகத் தெரியும். சிறைகளில் கடுங்காவல் கைதிகளுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று ஏந்திரத்தில் தானியம் அரைப்பது. காந்திஜி தென்னாப்பிரிக்காவில் ஏழு பவுன் கொடுத்து ஓர் இரும்புக் கைமில் வாங்கியதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரே ஆளால் சுற்ற முடியாத கனம். அவரும் போலக்கும் குழந்தைகளும் சேர்ந்து அரைத்தார்கள். கஸ்தூரிபாயும் எப்போதாவது கை கொடுப்பார், ஆனால் அது அவர் அடுப்படி வேலையைத் தொடங்கும் நேரம் என்றும் எழுதியிருக்கிறார். சத்திய சோதனையில் அரைப்பதுகூட ஒரு சோதனை. கஸ்தூரிபாயின் அடுப்படி சோதனைக் கணக்கில் வராது.

கல்லிலிருந்து விடுதலை பெரிய தலைவர் யாராலும் வரவில்லை. கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் 1955-இல் மின்சார கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி ஆடும். அவர் அதைத் தலைகீழாக்கினார். கல் சுற்றியது, குழவி நின்றது. சில வருஷங்களில் மிக்ஸி வந்தது. கல்லில் அரைத்த ருசி போச்சே என்று அப்போது புலம்பியவர்களில் நானும் உண்டு. ஆட்டியவர்கள் யாரும் புலம்பியதாக நினைவில்லை. 2011-இல் தமிழக அரசு வீடுவீடாக மிக்ஸியும் கிரைண்டரும் இலவசமாகக் கொடுத்தபோது இங்கே நடைப்பயிற்சி நண்பர்கள் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி வரவில்லை.

எங்களிடம் ஒரே ஒரு பழைய குடும்பப் படம் உண்டு. 1957-இல் என் உபநயனத்தன்று கும்பகோணத்திலிருந்து ஸ்டூடியோக்காரர் வந்து எடுத்தது. வாசல் பந்தலில் 34 பேர் இருக்கிறோம். அத்தை இல்லை. அவளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் அடுக்களையில் இருந்தாள். 1971-இல் காலமாகும்வரை அவள் எந்தப் படத்திலும் இல்லை. மேஜைக்கு எதிரே தொங்கும் அந்த முன்பின் தெரியாத இரண்டு பெண்களைப் பார்க்கும்போது, அவள் அரைக்கும்போது மெல்லிய குரலில் பாடுவது மட்டும் எனக்கு ஞாபகம் வரும். அரைத்தூக்கத்தில் கேட்ட பாட்டு. என்ன பாட்டு என்றுதான் பிடிபடவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்காவுக்கு 82 வயது. அவளுக்கு மறதி என்பதே கிடையாது. போன் செய்தேன்.

"பாட்டா? யார் பாடினா?" என்றாள் அக்கா.

"அத்தைதான். ஏந்திரம் அரைக்கறச்சே."

"விடியக்காலம் நாலு மணிக்குக் கொல்லைத் தாழ்வாரத்துல உக்காண்டு அரைப்பா. எதிர்ல நான்தான் உக்காண்டு கைப்பிடியை ஒரு பக்கம் பிடிச்சுப்பேன், எட்டு வயசுலேர்ந்து. அவளுக்குப் பாடறதுக்கு மூச்சு எங்கேடா இருந்தது? கூடத்துல ஊஞ்சல்ல உக்காண்டு பாடினது பாட்டி. நீ தூங்கிண்டே கேட்டிருப்பே."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, அந்தக் கல் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மேல்கல் காத்துல கொல்லைக் கதவு அடிச்சுக்காம இருக்க அண்டைக் குடுத்திருந்துது. கீழ்க்கல் கிணத்தடியில. ஆத்தை வித்தப்போ எல்லாம் அங்கேயே போயிடுத்து. அது கெடக்கட்டும். அத்தைக்கு வலது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கினாப்போல இருக்கும், நீ பார்த்திருக்கியோ?"

நான் பார்த்ததில்லை.